ஆடிட்டர் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

ஒரு பெரிய நிறுவனம் கவிழ்ந்தால் மறுநாளே எழும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை வருஷமாக ஆடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பவர் மனதில் இருக்கும் ஆடிட்டர் வேறு, சட்டம் சொல்லும் ஆடிட்டர் வேறு. சிலருக்கு அவர் நிறுவனத்தின் கணக்கை எழுதிக்கொடுப்பவர். சிலருக்குத் திருடனைப் பிடிக்க அனுப்பப்பட்ட போலீஸ். இன்னும் சிலருக்கு, "இங்கே பணம் போடலாம்" என்று முத்திரை குத்துபவர். மூன்றுமே தவறு.

வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துகொடுப்பவரையும் பேச்சில் ஆடிட்டர் என்றுதான் சொல்கிறோம். அது வேறு வேலை. இங்கே பேசப்போவது தணிக்கையைப் பற்றி. ஒருவர் எழுதிய கணக்கை, அதில் சம்பந்தப்படாத இன்னொருவர் சரிபார்த்துத் தன் கருத்தை எழுத்தில் தருவதுதான் தணிக்கை.

## பத்துப் பேர், ஒரு பொருளாளர்

பத்து நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பயணம் போகிறார்கள். பணம் முழுவதும் ஒருவர் கையில். திரும்பி வந்ததும் அவர் ஒரு தாளை நீட்டுகிறார்: வண்டிக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. அவர் திருடர் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் செலவழித்தவரும் அவரே, எழுதியவரும் அவரே. எனவே பத்துப் பேரில் ஒருவர் "ரசீதைக் கொஞ்சம் காட்டு" என்கிறார்.

இந்த ரசீது கேட்பவர்தான் ஆடிட்டர். அவர் செய்வதையும் செய்யாததையும் கவனியுங்கள். தாளை அவர் எழுதவில்லை. பயணம் நன்றாக இருந்ததா, இன்னும் மலிவான அறை கிடைத்திருக்குமா என்று சொல்வதும் அவர் வேலை இல்லை. ஒவ்வொரு தேநீருக்கும் ரசீது கேட்க மாட்டார். அறை வாடகை ரசீதைக் கட்டாயம் கேட்பார். மீதிப் பணம் என்று எழுதியிருப்பது நிஜமாகவே பையில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

இப்போது பத்துப் பேரைப் பத்து லட்சம் பேராக்குங்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பணத்தைக் கையாள்பவரையும் தெரியாது. பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். நிறுவனத்தை அன்றாடம் நடத்துபவர்கள் நிர்வாகம். பங்குதாரர்கள் சார்பில் நிர்வாகத்தைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டவர்கள் இயக்குநர் குழு. பொருளாளர் நீட்டிய தாளுக்கு இங்கே பெயர் நிதி அறிக்கை: ஒரு வருஷத்தில் எவ்வளவு வந்தது, போனது, கடைசி நாளில் எவ்வளவு இருந்தது என்று நிர்வாகம் தருகிற கணக்கு. அதைத் தயாரிப்பதும், அதற்கு முதல் பொறுப்பேற்பதும் நிர்வாகம்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், ஊழல் வெடிக்கும்போது முதலில் மறக்கப்படுவது இதுதான்.

## பொய் எங்கே ஒளியும்

கணக்கில் பொய் என்றதும் பெட்டியிலிருந்து பணம் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். பெரிய மோசடிகளில் பெரும்பாலும் யாரும் பெட்டியைத் தொடுவதில்லை. எதை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதிலேயே வேலை முடிந்துவிடும்.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாம் இதற்குத் தெளிவான உதாரணம். மற்ற நிறுவனங்களின் கம்பித் தடங்களைப் பயன்படுத்துவதற்கு அது கட்டணம் கட்டியது. வாடகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கொடுத்தோம், தீர்ந்தது, இது செலவு. ஆனால் அதன் அதிகாரிகள் அந்தத் தொகையைச் சொத்து என்று எழுதினார்கள், ஏதோ இயந்திரம் வாங்கியதைப் போல. செலவாக எழுதினால் முழுத் தொகையும் இந்த வருஷ லாபத்திலிருந்து கழியும். சொத்தாக எழுதினால் பல வருஷங்களுக்குப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் போதும். 100 கழிய வேண்டிய இடத்தில் 20 மட்டும் கழிந்தால், இல்லாத லாபம் 80 பிறந்துவிடுகிறது. ஒரு காசுகூட இடம் மாறவில்லை. 2002 ஜூனில் இது வெளியே வந்தபோது சொல்லப்பட்ட தொகை 380 கோடி டாலர்; விசாரணை முடிவதற்குள் அது பல மடங்காக வளர்ந்தது.

இதைக் கண்டுபிடித்தது வெளி ஆடிட்டர் இல்லை. சிந்தியா கூப்பர் என்பவர் தலைமையில் இருந்த அகத் தணிக்கைப் பிரிவு. நிறுவனம் தன் சொந்த ஊழியர்களைக் கொண்டே நடத்தும் சோதனைதான் அகத் தணிக்கை. சம்பளம் கொடுக்கும் இடத்திலேயே தவறைத் தோண்டியவர்கள் அவர்கள். வெளி ஆடிட்டரோ அதுவரை அந்தக் கணக்குகளுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சரி, ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். கணக்கை எழுதுவது நிர்வாகம், கருத்துச் சொல்வது ஆடிட்டர். பொய் பெரும்பாலும் ரொக்கப் பெட்டியில் இருக்காது, வகைப்படுத்தலில் இருக்கும். அப்படியானால் ஆடிட்டர் எதை, எப்படிப் பார்க்கிறார்?

## எண்ணிப் பார்த்தாயா?

ஒரு பெரிய நிறுவனத்தில் வருஷத்துக்குக் கோடிக்கணக்கான பதிவுகள் விழும். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் ஆடிட்டர் மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறார், பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைப் போல. எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் திறமை. தவறு நடக்க வாய்ப்புள்ள இடத்தில் அதிகமாகவும், மற்ற இடங்களில் குறைவாகவும் எடுப்பார்.

இதோடு சேர்ந்தது 'முக்கியத்துவ வரம்பு'. எவ்வளவு பெரிய தவறு இருந்தால் அறிக்கையைப் படிப்பவரின் முடிவு மாறுமோ, அந்த அளவு. வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பதைப் போல ஓர் எண்ணை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்வது நடைமுறை. அதற்குக் கீழே சின்னச் சின்னப் பிழைகள் இருந்தாலும் அறிக்கை 'சரி' என்றே கொள்ளப்படும். ஒரு பைசா பிசகாமல் இருக்கிறது என்று ஆடிட்டர் ஒருநாளும் சொல்வதில்லை.

அப்புறம், ஆதாரம். இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு.

இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் என்ற நிறுவனம். அதன் மேலாளர் பருத்தி, நூல் இருப்பைப் பல வருஷங்கள் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் கிடங்குக்குள் போய் எண்ணவில்லை; மேலாளர் எழுதிக்கொடுத்த சான்றை அப்படியே ஏற்றார்கள். 1896இல் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்பானது. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி லோப்ஸ். இன்றுவரை ஆடிட்டர்களுக்குச் சாதகமாக ஒப்பிக்கப்படும் வாக்கியம் இது. அதே நீதிபதி, சந்தேகம் எழுப்பும் ஏதாவது கண்ணில் பட்டால் ஆடிட்டர் அதன் அடிவரை துருவ வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பாதியை ஒப்பிப்பவர்கள் குறைவு.

அடுத்து அமெரிக்கா, 1938. மருந்து வியாபாரம் செய்த மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் நிறுவனம் சுமார் 8.7 கோடி டாலர் சொத்துக் காட்டியது. அதில் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் வெறும் காற்று. இல்லாத கிடங்குகளில் இல்லாத சரக்கு, இல்லாத வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி. ஆடிட்டர்கள் காகிதங்களை ஒழுங்காகப் பார்த்திருந்தார்கள். காகிதங்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. சரக்கை நேரில் போய்ப் பார்ப்பது அன்றைய வழக்கத்தில் கட்டாயம் இல்லை. மறு வருஷமே விதி மாறியது: சரக்கு எண்ணப்படுவதை ஆடிட்டர் நேரில் நின்று பார்க்க வேண்டும், பாக்கிக்காரர்களுக்கு நேராக எழுதிக் கேட்க வேண்டும்.

சரக்கை எண்ணலாம். வங்கியில் இருக்கும் பணத்தை? வங்கியைக் கேட்க வேண்டும், அதுவும் நேராகக் கேட்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கம், வங்கி இருப்பு என்று கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். புலி மேல் ஏறிவிட்டேன், அதன் வாயில் விழாமல் இறங்கத் தெரியவில்லை என்ற மாதிரி எழுதியிருந்தார். சத்யம் அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் பட்டியலாகியிருந்ததால், 2011இல் அங்குள்ள பங்குப் பரிவர்த்தனை ஆணையம், சத்யத்தின் ஆடிட்டர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. முக்கியமான குற்றச்சாட்டு சாதாரணமானதுதான்: வங்கிக்கு அனுப்ப வேண்டிய உறுதிப்படுத்தும் கடிதங்களை ஆடிட்டர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை. கடிதம் போனதும் பதில் வந்ததும் நிர்வாகத்தின் கை வழியாக.

பயணக் கதைக்குத் திரும்பினால், "அறை வாடகை எவ்வளவு என்று விடுதியைக் கேட்டுச் சொல்" என்று பொருளாளரிடமே சொல்லி அனுப்பியதைப் போல.

பதினொரு வருஷம் கழித்து ஜெர்மனியில் வயர்கார்டு என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற நிறுவனம். 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் அறங்காவலர் கணக்கில், அதாவது நிறுவனத்தின் சார்பில் இன்னொருவர் பொறுப்பில் இருக்கும் கணக்கில், இருப்பதாகச் சொன்னார்கள். 2020 ஜூனில் அந்த வங்கிகள் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்றன. அந்தப் பணம் நாட்டுக்குள் வரவே இல்லை என்றது அந்நாட்டு மத்திய வங்கி. முந்தைய வருஷங்களின் கணக்குகளுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை என்றே ஆடிட்டர் கருத்துத் தந்திருந்தார். நூல் மூட்டை, மருந்துச் சரக்கு, வங்கி இருப்பு என்று பொருள் மாறியதே தவிர, கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்.

## 'நியாயமான உறுதி' என்றால் எவ்வளவு உறுதி?

ஆடிட்டர் தருவது முழு உத்தரவாதம் இல்லை. அதற்கு 'நியாயமான உறுதி' என்று பெயர். அறிக்கையில் பெரிய தவறு இல்லை என்று உயர்ந்த அளவில், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லாமல் நம்பலாம் என்று அர்த்தம். மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிடலாம். ரத்தம், இதயம், நுரையீரல் பார்த்து எல்லாம் சரி என்கிறார் மருத்துவர். அடுத்த மாதம் எதுவும் வராது என்று அவர் சொல்லவில்லை. ஒரே வித்தியாசம், இங்கே பரிசோதிக்கப்படுபவர் போலி ரத்தத்தைக் கொடுக்கவும் கூடும்.

ஆடிட்டரின் கருத்து நான்கு விதம். பெரிய குறை எதுவும் இல்லை என்றால் குறையில்லாக் கருத்து. "இந்த ஒரு விஷயம் தவிர மற்றது சரி" என்றால் நிபந்தனைக் கருத்து. மொத்த அறிக்கையே நிஜத்தைக் காட்டவில்லை என்றால் எதிர்மறைக் கருத்து. ஒரு முடிவுக்கு வரத் தேவையான ஆதாரமே கிடைக்கவில்லை என்றால் கருத்துக் கூற மறுப்பு. கடைசி இரண்டும் அபூர்வம், வந்தால் அபாயச் சங்கு. காவல் நாய் குரைப்பது இப்படித்தான். சத்தம் குறைவாக, சட்ட மொழியில்.

இன்னொன்றும் ஆடிட்டர் பார்த்தாக வேண்டும்: நிறுவனம் குறைந்தது அடுத்த ஒரு வருஷமாவது தாக்குப்பிடிக்குமா? அதைத் 'தொடர்ந்து இயங்கும் நிலை' என்பார்கள். அதில் பலத்த சந்தேகம் இருந்தால் அறிக்கையில் தனியாக எழுதியாக வேண்டும். ஆனால் வியாபாரம் லாபகரமா, பங்கு வாங்கலாமா என்பதெல்லாம் இதில் சேராது. நஷ்டத்தில் மூழ்கும் நிறுவனம் அந்த நஷ்டத்தை நேர்மையாக எழுதியிருந்தால் அதற்கும் குறையில்லாக் கருத்துக் கிடைக்கும். இதைக் கேட்டதும் பலர் நம்ப மறுப்பார்கள். பயணம் மோசமாகப் போனாலும் கணக்கு சரியாக இருக்கலாம் இல்லையா?

## சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

என் பார்வையில் மொத்த ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். ஆடிட்டர் வேலை செய்வது பங்குதாரர்களுக்காக. அவரை நியமிக்கும் ஓட்டும் அவர்களுடையதே. ஆனால் கட்டணம் நிறுவனத்தின் கஜானாவிலிருந்து போகிறது. யாரை நியமிக்கலாம் என்ற பேச்சில் நிர்வாகத்தின் குரல் கேட்காமல் இருப்பதில்லை. ரசீது கேட்பவருக்கான கூலியைப் பொருளாளரே எண்ணிக் கொடுப்பதைப் போன்ற நிலை இது.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடமிருந்து 2000ஆம் ஆண்டில் அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் பெற்ற தணிக்கைக் கட்டணம் 2.5 கோடி டாலர். ஆலோசனை முதலான மற்ற வேலைகளுக்குப் பெற்றது 2.7 கோடி டாலர். கடுமையான ஆடிட்டராக இருந்தால் இழக்கப்போவது எவ்வளவு என்று கணக்குப் போட அந்த இரண்டு எண்கள் போதும். 2001 டிசம்பரில் என்ரான் திவால் மனு போட்டது. அதன் ஆவணங்களை ஆண்டர்சன் ஊழியர்கள் கிழித்து அழித்தது தெரியவந்து, 2002 ஜூனில் நீதியைத் தடுத்த குற்றத்துக்காக ஆண்டர்சன் நிறுவனம் தண்டிக்கப்பட்டது. உலகம் முழுக்க சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் கலைந்தது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. திரும்பி வர அப்போது நிறுவனமே இல்லை. ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்கள் நான்காகின: டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. பெரிய நிறுவனம் ஒன்று ஆடிட்டரை மாற்ற நினைத்தால் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் தேர்வு இருக்கிறது.

இதற்கு மருந்தாகச் சில விதிகள் வந்தன. தணிக்கை செய்யும் அதே நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது போன்ற வேலைகளுக்குத் தடை. நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களைக் கொண்ட தணிக்கைக் குழு. ஆடிட்டர் தன் பிரச்சினைகளை அவர்களிடம் நேரடியாகச் சொல்லலாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுதல். இந்தக் கடைசி விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, பட்டியலிட்ட நிறுவனத்தின் தணிக்கையை ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் செய்ய முடியாது. அமெரிக்காவில் நிறுவனம் மாற வேண்டியதில்லை, பொறுப்பாளர் மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறினால் போதும். நீண்ட உறவு கண்ணை மறைக்கும் என்பதற்குப் பிரிட்டனின் கரிலியனைச் சொல்வார்கள். 2018 ஜனவரியில் அந்தக் கட்டுமான நிறுவனம் விழும்வரை 19 வருஷம் அதற்கு ஒரே ஆடிட்டர், கே.பி.எம்.ஜி. அந்தத் தணிக்கைக் குறைகளுக்காக 2023இல் 2.1 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது.

சுருக்கிச் சொன்னால், ஆடிட்டரின் திறமை ஒரு பக்கம், சார்பின்மை இன்னொரு பக்கம். தெரியாமல் விட்டது என்று நினைக்கும் பல இடங்களில், கேட்கச் சங்கடப்பட்டு விட்டதுதான் நடந்திருக்கும்.

## ஆடிட்டரைப் பார்ப்பவர் யார்?

ஒழுங்குமுறை அமைப்பு என்பது சட்டம் அதிகாரம் கொடுத்து அமர்த்திய நடுவர். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் 1934இல் அமெரிக்கா தன் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தை உருவாக்கியது. இத்தகைய அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. எதை வெளியே சொல்ல வேண்டும், எந்த முறையில், எந்தத் தேதிக்குள் என்று விதி போடும், மீறினால் தண்டிக்கும்.

என்ரானுக்கு முன்பு ஆடிட்டர்களின் வேலையைச் சக ஆடிட்டர்களே சோதித்துக்கொண்டார்கள். 2002இல் வந்த சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அதை முடித்து, தணிக்கை நிறுவனங்களைச் சோதிக்கத் தனி வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதே நோக்கத்தோடு தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018இல் அமைந்தது. அந்த அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறொரு பிரிவு: நிதி அறிக்கை சரி என்று தலைமைச் செயல் அதிகாரியும் நிதித் தலைவரும் சொந்தப் பெயரில் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய்க்குக் கையெழுத்திட்டால் சிறை. "கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டது, எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பும் வழி இதனால் குறுகியது.

நடுவரும் தவறுவார். வயர்கார்டு பற்றிப் பத்திரிகைகள் சந்தேகம் எழுப்பியபோது, ஜெர்மன் ஒழுங்குமுறை அமைப்பு 2019 பிப்ரவரியில் அதன் பங்கு விலை விழும் என்று புதிதாகப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தது. போதாததற்குச் செய்தி எழுதியவர்கள் மீதே புகார் கொடுத்தது. மோசடி ஆய்வாளர்களின் உலகளாவிய சங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் தெரிகிறது: வெளிப்படும் மோசடிகளில் சுமார் 40 சதவீதம் யாரோ ஒருவர் காதில் போட்ட தகவலால்தான் வெளிப்படுகின்றன. வெளித் தணிக்கை கண்டுபிடிப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆடிட்டரின் மதிப்பு கண்டுபிடித்ததில் மட்டும் இல்லை, அவர் வருவார் என்ற பயத்தால் நடக்காமல் போனதிலும் இருக்கிறது என்று வாதிடலாம். அதை எண்ணிக் காட்டத்தான் முடியாது.

## அறிக்கையைக் கையில் எடுத்தால்

ஆண்டறிக்கையில் ஆடிட்டரின் பகுதி சில பக்கங்கள்தான். முதலில் நான்கில் எந்தக் கருத்து என்று பாருங்கள். அடுத்து 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்ற தலைப்பு. எந்தெந்த இடங்களில் தீர்ப்புச் சொல்லக் கஷ்டப்பட்டேன் என்று ஆடிட்டர் அங்கே எழுதுகிறார். படம் போட்ட பக்கங்களைவிட நிறுவனத்தைப் பற்றி அதிகம் தெரிவிப்பது அதுதான். தொடர்ந்து இயங்கும் நிலை பற்றித் தனிப் பத்தி இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

எழுதப்படாததையும் கவனிக்க வேண்டும். ஆடிட்டர் பதவிக் காலம் முடியும் முன்பே விலகினாரா? 'சொந்தக் காரணங்கள்' என்று ஒற்றை வரியில் முடித்தார்களா? அறிக்கை வர வேண்டிய தேதி தள்ளிப்போகிறதா? வயர்கார்டு 2019ஆம் ஆண்டுக் கணக்கை வெளியிடும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. 2020 ஜூன் 18 அன்று ஆடிட்டர் கையெழுத்திட மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, நிறுவனம் திவால் மனு போட்டது.